வீட்டில் கார் டயர் மாற்றியது: எது கைக்கு வந்தது, எது கடைக்குப் போனது

நேற்றுச் சாயங்காலம் ஆண்டகளூர் கேட்டில் நெடுஞ்சாலை ஏறி நாமக்கல் வரை போய்த் திரும்பினேன். 70, 80, 85, 90 என்று ஒவ்வொரு வேகத்திலும் ஒரு கிலோமீட்டர் தூரம் ஆக்ஸிலரேட்டரை அசைக்காமல் வைத்து, ஸ்டியரிங்கை இரண்டு விரலால் மட்டும் பிடித்துப் பார்த்தேன். நடுக்கம் இல்லை. ஐந்து வாரமாக என்னை விடாமல் இருந்த நடுக்கம் அது. நான்கு டயரையும் வீட்டிலேயே மாற்றி, சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்கும் பேலன்ஸும் வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று தொடங்கிய வேலை, பாதி வீட்டிலும் பாதி கடையிலுமாக முடிந்திருக்கிறது. ஞாபகம் மங்குவதற்குள் எழுதி வைக்கிறேன்.

வண்டி 2009ஆம் வருடத்து மாருதி ஸ்விஃப்ட், பெட்ரோல். டயர் அளவு 165/80 ஆர்14, இரும்பு ரிம், நான்கு நட்டு. பழைய டயர்களில் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டங்களின் உயரம், இன்னும் இரண்டரை மில்லிமீட்டர் இருந்தது. தேய்மானக் கோடு வருவது 1.6 மில்லிமீட்டரில், அதனால் அந்தக் கணக்கில் இன்னும் ஓட்டலாம். ஆனால் பக்கச்சுவரில் தலைமயிர் அளவுக்கு வெடிப்புகள் ஓடியிருந்தன. டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். என்னுடையதில் 2217. அதாவது 2017ஆம் வருடத்தின் 22ஆவது வாரம் செய்தது. எட்டு வருடம் வெயிலில் நின்ற ரப்பர். அதற்கு மேல் அதை நம்ப எனக்கு மனசு வரவில்லை.

சரி, டயர் வாங்குகிற இடத்திலேயே மாட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். அதற்குக் காரணம் ஒரு மழை நாள். மனைவியும் மகளும் நாமக்கல்லிலிருந்து இரவில் திரும்பும்போது புதுச்சத்திரம் பக்கத்தில் முன் இடது டயர் இறங்கிவிட்டது. ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, என் மனைவிக்கு மாற்றவும் தெரியும். ஆனால் ஒரு நட்டுகூட அசையவில்லை. நின்று உதவிய லாரி டிரைவர் ஒருவர் தன் வண்டியிலிருந்து நீளமான பைப்பைக் கொண்டுவந்து போட்டு அழுத்தினார். மூன்று நட்டு வந்தது. நான்காவது, நட்டு ஏறும் போல்ட்டான ஸ்டட்டோடு முறிந்தது. “இது கன்னுல அடிச்சு முறுக்குன நட்டுங்க, கையில வராதுங்க” என்று சொல்லிவிட்டு, மூன்று நட்டோடு மெதுவாக ஓட்டச் சொல்லி அனுப்பினார். மூன்று மாதத்துக்கு முன் ஒரு கடையில் டயர் இடம் மாற்றியபோது காற்றழுத்தத்தில் நட்டு முறுக்கும் கன்னால் அடித்து முறுக்கியிருந்தார்கள். அன்று நான் பக்கத்தில்தான் நின்றேன், கவனிக்கவில்லை. மழையில் ஒரு மணி நேரம் குழந்தையோடு ரோட்டோரம் நின்றது என் மனைவி. அதன் பிறகுதான் இந்த வேலை முழுவதையும் ஒரு தடவையாவது என் கையால் செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

முன் சக்கரம் இரண்டிலிருந்து தொடங்கினேன். முதலில் கழற்றுவது. போர்டிகோவில் பேவர் பிளாக் போட்டிருக்கிறோம், சமதளம்தான். கையேட்டில் வீல் நட்டுக்குப் போட்டிருக்கும் முறுக்கு 85 நியூட்டன் மீட்டர். கைக்கணக்கில் சொன்னால், 30 சென்டிமீட்டர் நீள ஸ்பானரின் நுனியில் 29 கிலோ தொங்கினால் வருகிற முறுக்கு. என் எடை 72 கிலோ. அதே நீள ஸ்பானரின் நுனியில் ஏறி நின்றேன், நட்டு அசையவில்லை. அப்படியானால் தேவையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் அது பிடித்திருந்தது. 19 மில்லிமீட்டர் சாக்கெட்டில் நீளக் கைப்பிடி போட்டு, அதன் மேல் மூன்று அடி ஜி.ஐ. பைப்பைச் செருகித்தான் தளர்த்தினேன். இதையெல்லாம் சக்கரம் தரையில் இருக்கும்போதே செய்ய வேண்டும். தூக்கிய பிறகு பைப்பைப் போட்டு இழுத்தால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும்.

கைப்பிரேக், முதல் கியர், பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். ஜாக்கிக்குக் கீழே ஒரு அடிச் சதுரப் பலகை, இல்லாவிட்டால் பேவர் பிளாக் ஒன்று மட்டும் உள்ளே இறங்கும். தூக்கியதும் வண்டியைத் தாங்க ஜாக் ஸ்டாண்டு வைத்தேன். இரண்டு ஸ்டாண்டு 1,800 ரூபாய். இதற்குக் கொடுத்த காசை மட்டும் நான் கணக்கே பார்க்க மாட்டேன். வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி சக்கரம் மாற்றும் பத்து நிமிடத்துக்கு மட்டும்தான். அதை நம்பி அடியில் கை விடக் கூடாது. கழற்றிய சக்கரத்தையும் வண்டியின் அடிப்பகுதிக்குக் கீழே படுக்க வைத்துவிட்டால் இன்னொரு காப்பு.

நட்டு எல்லாம் கழன்ற பிறகும் இடது சக்கரம் வரவில்லை. துரு அதை ஹப்போடு, அதாவது சக்கரம் உட்காரும் அச்சின் முகத்தோடு, ஒட்டவைத்திருந்தது. சுத்தியலை எடுத்தேன், பிறகு வேண்டாம் என்று வைத்துவிட்டேன். நான்கு நட்டையும் மூன்று சுற்று மட்டும் ஏற்றி, ஸ்டாண்டை எடுத்து, வண்டியைத் தரையில் இறக்கி, போர்டிகோவுக்குள்ளேயே ஓரடி முன்னும் பின்னும் தள்ளினேன். ‘டக்’ என்று விட்டது. ஹப்பின் முகத்தில் சாக்கட்டி போலத் துருப்பொருக்கு. கம்பி பிரஷ்ஷும் 80ஆம் நம்பர் உப்புக் காகிதமும் போட்டு வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தேன். ரிம்மின் உள்முகமும் அதே மாதிரி. இங்கே ஒரு பொருக்கு இருந்தாலும் சக்கரம் நேராக உட்காராது. இவ்வளவு வருடத்தில் எந்தக் கடையிலும் இதை யாரும் தேய்த்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் வந்தது பீடு. டயரின் ஓரத்தில் கம்பி வளையம் ஓடும் தடித்த விளிம்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எட்டு வருடம் ரிம்மோடு ஒட்டிக் கிடந்த பீட்டை இறக்குவதுதான் மொத்த வேலையிலும் கடினம். வால்வின் உள்பின்னைக் கழற்றிக் காற்று முழுவதும் போன பிறகு, டயரைப் படுக்கவைத்துக் குதிகாலால் ஏறி நின்றேன். மகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன். அசைவில்லை. அடுத்து கடப்பாரையின் தட்டை முனையை விளிம்பில் வைத்துச் சம்மட்டியால் அடித்தேன். பீடு அசையவில்லை, ரிம்மின் ஓரத்தில் இரண்டு வடு மட்டும் விழுந்தது. அதைப் பிறகு அரத்தால் ராவிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இந்த வழி வேண்டாம்.

கடைசியில் டயரைப் பெரியப்பா தோட்டத்துக்கு எடுத்துப்போனேன். அங்கே டிராக்டர் டிரெய்லர் காலியாக நின்றது, காலியாகவே ஒரு டன் எடை. அதன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, டயரைக் குறுக்குச் சேனலுக்கு நேர் கீழே படுக்க வைத்தேன். ரிம்மின் ஓரத்திலிருந்து ஒரு விரல் தள்ளி டயரின் பக்கச்சுவரில் ஒரு கட்டை, அதன் மேல் என் ஜாக்கி, ஜாக்கியின் தலைக்கும் சேனலுக்கும் நடுவே ஒரு பலகை. ஜாக்கியைத் திருகத் திருக டிரெய்லர் தூக்கவில்லை, டயர்தான் இறங்கியது. விளிம்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே திருகினேன். மெல்லிய சத்தத்தோடு பீடு கீழே போனது. கொஞ்சம் திருப்பி வைத்து மூன்று இடத்தில் இப்படி அழுத்தினால் ஒரு பக்கம் முழுவதும் விட்டுவிடுகிறது. கவிழ்த்துப் போட்டு மறுபக்கம். ஜாக்கியைத் திருகும்போது முகத்தை அதற்கு நேரே வைக்காதீர்கள். கட்டை நழுவினால் ஜாக்கி தெறிக்கும். எனக்கு ஒரு முறை நழுவியது, ஆனால் எட்டி உட்கார்ந்திருந்தேன்.

டயரை ரிம்மிலிருந்து எடுக்க 60 சென்டிமீட்டர் லீவர் இரண்டு வாங்கியிருந்தேன், ஒன்று 450 ரூபாய். இதில் பலத்தைவிட இடம்தான் முக்கியம். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் சுற்றி ஓடுகிறது. லீவர் போடுகிற இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்துப் பீடு அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தால், இந்தப் பக்கம் விளிம்பைத் தாண்ட இடம் கிடைக்கும். எதிர்ப்பக்கத்தை முழங்காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவைக்கு நான்கு விரல் அளவுதான் நெம்ப வேண்டும். எனக்கு இது புரியாமல் அரை மணி நேரம் வெறும் தோள் பலத்தில் இழுத்தேன். புரிந்த பிறகு ஐந்து நிமிடம். பள்ளம் எந்த முகத்துக்கு அருகில் இருக்கிறதோ அந்தப் பக்கத்தை மேலே வைத்துத்தான் எடுக்கவும் போடவும் வேண்டும். பெரும்பாலும் அது வெளிமுகம்தான்.

ரிம்மில் பீடு உட்காரும் இடத்தைத் துருப் போகத் தேய்த்தேன். பழைய வால்வை வெட்டி எடுத்துவிட்டு, புது ரப்பர் வால்வு போட்டேன். சாதாரண இரும்பு ரிம்முக்கு வருவது டி.ஆர். 413 என்ற அளவு. ஓட்டை 11 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும், வால்வின் அடிப்பாகம் அதைவிடத் தடிமன். சோப்புத் தண்ணீரில் நனைத்து, வால்வின் மரையில் மாட்டி இழுக்கும் கருவியால் இழுத்தால் ‘பொத்’ என்று உட்காரும். கருவி 80 ரூபாய், வால்வு ஒன்று 50 ரூபாய். டயருக்கு 4,000 ரூபாய்க்கு மேல் கொடுத்துவிட்டுப் பழைய வால்வையே விட்டுவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ரப்பருக்கு வயது டயரில் ஏறுகிற மாதிரிதான் வால்விலும் ஏறும்.

புது டயரின் பக்கத்தில் ஒரு மஞ்சள் புள்ளி இருக்கும். டயரில் எடை குறைந்த இடம் அது. வால்வு இருக்கும் இடத்தில் ரிம் சற்றுக் கனம் என்பதால் இரண்டையும் நேராக வைத்தால் பிறகு பேலன்ஸுக்கு ரிம்மில் அடிக்கும் ஈய எடை கொஞ்சமாகப் போதும். முதல் டயரில் இதைச் சரியாகச் செய்தேன். இரண்டாவதில் டயரை ஏற்றும்போது அது நகர்ந்து ஒரு சாண் தள்ளிப் போய்விட்டது. சோப்புத் தண்ணீர் இருக்கும்போதே கையால் திருப்பிக்கொள்ளலாம், காய்ந்தால் நகராது. இன்னொரு தவறும் இரண்டாவது டயரில்தான். கடைசி நான்கு விரல் அளவு வராமல் பிடிவாதம் பிடித்தபோது, எதிர்ப்பக்கம் பள்ளத்திலிருந்து ஏறிவிட்டதைக் கவனிக்காமல் லீவரை அழுத்திவிட்டேன். பீட்டின் ரப்பரில் ஒரு சென்டிமீட்டர் சீவல். கம்பியோ நூலோ வெளியே தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன், தெரியவில்லை. பிறகு கடையிலும் காட்டி உறுதி செய்துகொண்டேன். தெரிந்திருந்தால் புது டயரைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டியதுதான்.

காற்று. என்னிடம் இருந்தது வண்டி பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரஸர். டயர்களை அடுக்கி வைத்திருந்ததால் இரண்டு பீடும் உள்ளே ஒடுங்கி, விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே விரல் போகும் இடைவெளி. அடிக்கிற காற்றெல்லாம் அப்படியே வெளியே போனது. டயரின் நடுவைச் சுற்றி லாரியில் சரக்குக் கட்டும் பெல்ட்டைப் போட்டு இறுக்கினேன். டயர் நடுவில் அமுங்க, ஓரங்கள் இரண்டும் வெளியே விரிந்தன. வால்வின் உள்பின்னை எடுத்துவிட்டு அடித்தால் காற்று வேகமாகப் போகும். ரிம்மைப் பிடித்ததும் பெல்ட்டை உடனே கழற்றிவிட வேண்டும். முதல் பீடு 18 பி.எஸ்.ஐ.யில் வெடிச்சத்தத்தோடு உட்கார்ந்தது, இரண்டாவது 29இல். இன்னொரு டயரில் 35 வரை போயும் ஒரு பக்கம் உட்காரவில்லை. 40ஐத் தாண்டக் கூடாது என்பது இந்த வேலையில் எல்லோரும் சொல்லும் எல்லை. நான் 35இலேயே நிறுத்திக் காற்றை இறக்கி, மறுபடி சோப்பு போட்டு அடித்தேன், 30இல் உட்கார்ந்துவிட்டது. ரிம்மின் ஓரத்தை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு சுற்றி ஓடும். அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால் நேராக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். பிறகு கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்றை இறக்கினேன். முதல் டயருக்கு 2 மணி 40 நிமிடம். இரண்டாவதற்கு 1 மணி 10 நிமிடம்.

இனி பேலன்ஸ். இதில்தான் நான் நிறைய ஆசைப்பட்டேன், நிறையக் கற்றும்கொண்டேன்.

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிகளுக்கு வேலை செய்யும் லேத் பட்டறை ஒன்றில் 20 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டும், ரிம்மின் நடு ஓட்டைக்கு ஏற்ற கூம்பு வடிவக் கோன்கள் இரண்டும் கடைந்து வாங்கினேன். ஸ்விஃப்ட் ரிம்மின் நடு ஓட்டை 54.1 மில்லிமீட்டர். கோன் 50இல் தொடங்கி 60 வரை சரிவாக இருக்கும்படி சொன்னேன். 700 ரூபாய் ஆனது. ஒரு இரும்புச் சட்டத்தில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று நான்கு 6202 பேரிங்கை மாட்டி, ஷாஃப்ட் அந்த இரட்டைப் பேரிங்குகளின் நடுவே உட்காரும்படி செய்தேன். பேரிங் நான்கும் 480 ரூபாய். சக்கரத்தை ஷாஃப்ட்டில் கோர்த்து வைத்தால் கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்க வேண்டும்.

நின்றது, ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில். பேரிங்கில் இருந்த கிரீஸ் சின்ன எடையை நகரவிடவில்லை. மூடியைக் கழற்றிப் பெட்ரோலில் அலசி, இரண்டு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் மட்டும் விட்டேன். அதன் பிறகு 10 கிராம் ஒட்டினால் 14 கிலோ சக்கரம் மெதுவாகத் திரும்பியது. 5 கிராமுக்குத் திரும்பவில்லை. ஆக, என் கருவியின் கூர்மை 5க்கும் 10க்கும் நடுவே. வீட்டில் செய்ததற்கு இது போதும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இடது சக்கரத்தின் கனமான புள்ளிக்கு நேர் எதிரே 40 கிராம் வைத்தபோது சக்கரம் எங்கே விட்டாலும் அங்கேயே நின்றது. வலது சக்கரத்துக்கு 25 கிராம். ரிம்மின் ஓரத்தில் அடித்து மாட்டும் கிளிப் ஈயம், 5 கிராம் படிகளில் ஒரு பெட்டி, அதற்கான குறடோடு 650 ரூபாய். வெளிப்பக்கம் அடிப்பது சுலபம், பார்க்கவும் தெரியும். அதனால் முழுவதையும் வெளிப்பக்கமே அடித்துவிட்டேன். நடுக்கத்துக்குக் காரணம் இந்த ஒரு செயல்தான். அது தெரிய மூன்று வாரம் ஆனது.

சக்கரத்தை மாட்டும்போது இன்னொரு தவறும் செய்தேன். அடுத்த முறை நட்டு இறுகாமல் இருக்கட்டும் என்று ஸ்டட் மரையில் கிரீஸ் தடவினேன். கையேட்டின் முறுக்கு அளவு காய்ந்த மரைக்கு. கிரீஸ் இருந்தால் அதே முறுக்கில் நட்டு இன்னும் உள்ளே போய் ஸ்டட்டை இழுத்துவிடும். முறிந்த ஸ்டட்டுக்காகத் தொடங்கிய வேலையில் மறுபடி ஸ்டட்டைச் சோதிக்க வேண்டாம் என்று, துணியும் பெட்ரோலும் வைத்துத் துடைத்தெடுத்தேன். முறுக்கை அளந்து சொல்லும் டார்க் ரெஞ்ச் 2,600 ரூபாய். நான்கு நட்டை எதிரெதிராக, முதல் சுற்று கையளவு, இரண்டாம் சுற்று 50, மூன்றாம் சுற்று 85. ‘கிளிக்’ சத்தம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

ரோட்டில் 70 வரை அமைதி. 75இல் ஸ்டியரிங் இலேசாகச் சிலிர்த்தது, 85இல் கை முழுவதும் நடுங்கியது, 95க்கு மேல் குறைந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு சக்கரத்தையும் கழற்றி மறுபடி பேலன்ஸ் ஸ்டாண்டில் போட்டேன். அசையாமல் நிற்கிறது. சக்கரங்களின் கோணத்தில், அதாவது அலைன்மென்ட்டில் கோளாறோ, சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட்டோ என்று ஒரு வாரம் அலைந்தேன். அலைன்மென்ட் பார்க்க 400 ரூபாய் கொடுத்தேன். அதில் எல்லாம் சரியாக இருந்தது.

எனக்கு உதவியது பைசா செலவில்லாத ஒரு சோதனை. முன் சக்கரங்களைப் பின்னாலும், இன்னும் மாற்றாத பழைய பின் சக்கரங்களை முன்னாலும் மாட்டி ஓட்டினேன். ஸ்டியரிங் அமைதியாகிவிட்டது, நடுக்கம் சீட்டுக்கு அடியில் போய்விட்டது. அப்படியானால் வண்டியில் குற்றமில்லை, சக்கரத்தோடுதான் அது போகிறது. அலைன்மென்ட்டுக்குப் போவதற்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும்.

சரி என்று இரண்டு சக்கரத்தையும் கழற்றி எடுத்துக்கொண்டு, லாரி டயர்களுக்கு நடுவே கார் பேலன்ஸிங் மிஷினும் வைத்திருக்கும் ஒரு கடைக்குப் போனேன். நாமக்கல் பக்கம் டயர் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். நான் அடித்த ஈயத்தைக் கழற்றாமல் அப்படியே சுற்றிப் பார்க்கச் சொன்னேன். மிஷின் காட்டியது: உள்பக்கம் 25, வெளிப்பக்கம் 30. இரண்டும் நேர் எதிரெதிர் இடத்தில்.

அவர் ஈயத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, ஈயத்தைப் பூரா வெளிப்பக்கமே அடிச்சிருக்கீங்க. அப்ப உள்பக்கத்துக்கு?” பிறகு கையை விரித்து, சக்கரம் மேலும் கீழும் குதிப்பது ஒரு வகை, இடமும் வலமும் தலையாட்டுவது இன்னொரு வகை என்று காட்டினார். நின்ற சக்கரத்தில் முதல் வகை மட்டும்தான் தெரியும். எதிரெதிரே இருக்கும் 25உம் 30உம் ஒன்றையொன்று சமன் செய்துவிடுவதால் என் ஸ்டாண்டில் மிச்சம் 5 கிராம்தான். அதற்கு என் ஸ்டாண்டு அசையாது. ஆனால் ஓடும்போது ஒரு முனை இந்தப் பக்கமும் மறுமுனை அந்தப் பக்கமும் இழுக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ரிம் ஓரத்தில் 30 கிராம் மிகுந்தால் 90 கிலோமீட்டர் வேகத்தில் அது மூன்றரைக் கிலோ இழுப்பு. சக்கரம் நொடிக்குச் சுமார் 13 தடவை சுற்றுகிறது.

என் ஈயத்தைக் கழற்றிவிட்டுச் சுற்றியபோது மிஷின் கேட்டது உள்ளே 25, வெளியே 10, ஏறக்குறைய ஒரே நேரில். மொத்தம் 35. நான் கண்டுபிடித்தது 40. அதாவது இடமும் அளவும் நான் சரியாகத்தான் பிடித்திருக்கிறேன், பக்கத்தைத்தான் விட்டுவிட்டேன். அந்த 40ஐ உள்ளே 20, வெளியே 20 என்று பிரித்து அடித்திருந்தாலே மிச்சம் உள்ளே 5, வெளியே 10 என்ற அளவில் முடிந்திருக்கும். நடுக்கம் அனேகமாகத் தெரிந்திருக்காது. இதை அந்த மிஷின் முன்னால் நின்று காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் பெரியது. வலது சக்கரத்திலும் இதே கதைதான், எண்கள் சின்னவை.

அவர் வேலை செய்த விதத்தில் கவனித்தவை. ரிம்மின் அகலம், விட்டம், மிஷினிலிருந்து ரிம் இருக்கும் தூரம் மூன்றையும் அளந்து போட்டார். இதில் ஒன்று தப்பானால் காட்டும் கிராமும் தப்பு. பழைய ஈயம் முழுவதையும் எடுத்துவிட்டுத்தான் சுற்றினார். அடித்த பிறகு மறுபடி சுற்றி இரண்டு பக்கமும் பூஜ்யம் வருகிறதா என்று பார்த்தார். நான் கேட்டதற்காக, சக்கரத்தைத் தளர்த்தி அரை வட்டம் திருப்பி மாட்டி இன்னொரு முறை சுற்றினார். அப்போதும் 5 கிராமுக்குள் நின்றது. கோன் நேராக உட்கார்ந்திருந்தால்தான் அப்படி நிற்கும். எண் பெரிதாக மாறினால் முதலில் பார்த்த பேலன்ஸே செல்லாது. எந்தக் கடைக்குப் போனாலும் இந்த ஒரு சோதனையைக் கேட்டு வாங்குங்கள், இரண்டு நிமிட வேலை.

பின் சக்கரங்களுக்கான புது டயர் இரண்டையும் அடுத்த வாரம் அவரிடமே ஏற்றினேன். ரிம்மை வீட்டிலேயே கழற்றி, ஹப் முகத்தையும் ரிம் முகத்தையும் தேய்த்து எடுத்துப்போனேன். அவர் மிஷினில் பீடு இறங்க ஒரு சக்கரத்துக்கு அரை நிமிடம். இரண்டு சக்கரமும் மொத்தம் 35 நிமிடத்தில் முடிந்தன. ஏற்ற 200, பேலன்ஸ் 160, வால்வு 100, ஈயம் 60 கிராமுக்கு 120, ஆக 580 ரூபாய். முன் சக்கரங்களுக்கு என் பெட்டியில் இருந்த ஈயத்தையே அடித்ததால் 160 மட்டும். வீட்டுக்குக் கொண்டுவந்து 85இல் முறுக்கினேன். 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு மறுபடி ரெஞ்ச் போட்டுப் பார்த்ததில் பின் வலதில் ஒரே ஒரு நட்டு கொஞ்சம் நகர்ந்தது. துரு போன பிறகு ரிம் இன்னும் நெருங்கி உட்காரும், இந்தச் சோதனையை விடக் கூடாது.

பணக்கணக்கு: லீவர் 900, ஸ்டாண்டு 1,800, டார்க் ரெஞ்ச் 2,600, ஷாஃப்ட் கோன் 700, பேரிங் 480, ஈயமும் குறடும் 650, வால்வுக் கருவி 80. மொத்தம் 7,210. நான்கு சக்கரத்தையும் கடையிலேயே செய்திருந்தால் சுமார் 1,160 ரூபாய். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை டயர் மாற்றும் வீட்டுக்கு லீவரும் பேலன்ஸ் ஸ்டாண்டும் காசை மீட்டுத் தராது. ஜாக் ஸ்டாண்டும் டார்க் ரெஞ்சும் முதல் நாளே மீட்டுவிட்டன என்பது என் எண்ணம்.

அடுத்த தடவை டயரை ரிம்மில் ஏற்றுவதையும் பேலன்ஸையும் கடைக்கே விடுவேன். ஆனால் வண்டியைக் கடைக்குக் கொண்டுபோக மாட்டேன், இரண்டிரண்டாகச் சக்கரத்தை மட்டும் கொண்டுபோவேன். கழற்றுவது, ஹப் தேய்ப்பது, முறுக்குவது மூன்றும் என் போர்டிகோவில்தான். பேலன்ஸ் ஸ்டாண்டைப் பக்கத்துப் பையனின் பைக் சக்கரத்துக்குக் கொடுத்திருக்கிறேன். பைக் சக்கரம் ஒடுக்கம் என்பதால் அதற்கு இந்த ஸ்டாண்டு போதும். 17 மில்லிமீட்டர் அச்சுக்குத் தனியாகப் புஷ் கடைய வேண்டும்.

இன்று காலை மனைவியைக் கூப்பிட்டு, வண்டியோடு வந்த ஸ்பானருக்குப் பதிலாக 60 சென்டிமீட்டர் கைப்பிடியும் 19 சாக்கெட்டும் கையில் கொடுத்தேன். 85இல் முறுக்கிய நட்டுக்கு அந்த நீளத்தில் பதினைந்து கிலோ அழுத்தம் போதும். முன் இடது சக்கரத்தைத் தனியாகக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டி முடிக்க அவளுக்கு 14 நிமிடம் ஆனது. அதை மாட்டும்போது அவள்தான் குனிந்து படித்துச் சொன்னாள்: ஸ்டெப்னியின் பக்கத்தில் 3909. வண்டியோடு வந்த டயர், பட்டன் புதுசு போலவே இருக்கிறது, வயது பதினாறு. உடனே ஸ்டெப்னியைக் கழற்றிவிட்டு, அங்கே இருந்த சக்கரத்தையே மறுபடி மாட்டினோம். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த ரிம்மையும் டிக்கியில் போட்டுக்கொண்டு போக வேண்டும்.